கடைசி பஸ்ஸின் காலை நடை

"எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்!"

மாடி ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் இப்படிக் கத்திவிட்டுக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த டிரைவர் திடுக்கிட்டு நின்றார். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அதுவும் அன்றைக்குத்தான் முதல் நாள்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்று மூடிய ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவைத்தார்.

"ஐயய்யோ, பதில் வேற சொல்றான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. டிரைவர் ஓட்டுவது அமரர் ஊர்தி. ஊரில் அவருக்குக் 'கடைசி பஸ்' என்று பெயர். அவர் வண்டியில் ஏறியவர் எவரும் இறங்கி வந்து புகார் சொன்னதில்லை, அதனால் தொழிலில் அவருக்கு நல்ல பெயர்தான். ஆனால் வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு, வேலைக்குப் போடுகிற அதே வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேண்ட்டோடு, சவ ஊர்வலம் போகிற வேகத்தில், வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே ஒரு தெருவுக்குள் அவர் நுழைந்தால் என்ன நினைப்பார்கள்? சவாரி பார்த்து வைக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தத் தெரு பயந்தது சரி. டிரைவர் அதைவிடப் பயந்துபோயிருந்தார்.

அவர் உடம்பு அப்படி. ஸ்டியரிங் வயிற்றை அமுக்குகிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளி, இனிமேல் தள்ளினால் பின்னால் படுத்திருப்பவர் தலையில் இடிக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். அவரை ஆட்டிவைத்தது வேறொன்று. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு மாடி வீட்டிலிருந்து அவரைப் போலவே கனத்த ஒருவரை இறக்க வேண்டியிருந்தது. படி திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. சொந்தக்காரர்கள் அழுகையை நிறுத்திவிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க", "இல்ல, நிமிர்த்துங்க", "ஜன்னல் வழியா விடலாமா?" என்று ஆளாளுக்கு ஒன்று. தூக்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் டிரைவர் காதில் விழுந்தது. உயிரோடு இருக்கிற எவனும் கேட்கக்கூடாத பேச்சு அது.

டிரைவர் வீடும் மாடிதான். அங்கேயும் படி திரும்புகிறது.

வண்டியில் அவரோடு வருகிற தூக்கு ஆளுக்கு 'ஒல்லி' என்று பெயர். அன்றைக்கு வேலை முடிந்து தோளைத் தேய்த்துக்கொண்டே ஒல்லி சொன்னான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் லீவு போட்டுடுவேன்."

அதிலிருந்து டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சோறு இறங்கியது. தூக்கம்தான் வரவில்லை. கடைசியில் டாக்டரிடம் ஓடினார்.

டாக்டரிடம் போகும் முன்னால் நர்ஸ் அவரை எடை மெஷினில் ஏற்றினாள். முள் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை குறையாதுண்ணே. விட்டுடுங்க," என்றாள் அவள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முட்டியை அமுக்கிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மூன்றில் அந்தப் பெருமூச்சுதான் டிரைவரைப் பயமுறுத்தியது.

"அமரர் ஊர்தியில அமர்ந்தே இருந்தா, சீக்கிரமே முன்சீட்லேர்ந்து பின்னாடி மாற வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

"சார், அப்படிச் சொல்லாதீங்க சார். எங்க வீட்டு மாடிப்படி திரும்பும் சார்."

டாக்டருக்கு அது புரியவில்லை. "நடக்கணும்," என்றார்.

"வேகமாவா சார்?"

"கூடவே கூடாது. வேகத்தை உங்க முட்டியும் தாங்காது, நெஞ்சும் தாங்காது. பக்கத்துல ஒருத்தர் வந்தா அவரோட சாவகாசமா ஊர்க்கதை பேசிக்கிட்டே நடக்க முடியணும். ஊர்வலத்துல வண்டியை முதல் கியர்ல உருட்டுவீங்களே, அந்த வேகம் போதும். ஆனா நிறைய நேரம் நடக்கணும். தினமும் நடக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"இருக்கிற வரைக்கும்."

"முன்னாடி ஒருவாட்டி பட்டினி கிடந்து குறைச்சேன் சார்."

"அப்புறம்?"

"திரும்பி வந்துடுச்சு. வரும்போது துணைக்கு ஆளையும் கூட்டிட்டு வந்துடுச்சு."

"அதான் விஷயம். குறைக்கிறது யார் வேணும்னாலும் செய்வாங்க. குறைஞ்சதை ஏறவிடாம வருஷக்கணக்கா பிடிச்சு வைக்கணும். அதுக்கு இந்த மெதுநடைதான் வழி. இன்னைக்கு நடந்துட்டு நாளைக்குப் பெல்ட்டைப் பார்க்காதீங்க. பொறுமையா இருங்க. நிறுத்த மட்டும் கூடாது."

"எங்க சார் நடக்கிறது?"

டாக்டர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "இதோ பின்னாடியே இருக்கே, மரத்தெரு. நல்ல நிழல். மேடு பள்ளம் கிடையாது. அங்கேயே நடங்க."

டிரைவர் சொன்னபடி கேட்கிற ஆள். பயந்தவனைவிட ஒழுங்கான நோயாளி எங்கே கிடைப்பான்? மறுநாள் காலையிலேயே மரத்தெருவுக்குப் போனார். முதல் வீட்டு ஜன்னலில்தான் அந்த வரவேற்பு.

நடந்ததைக் கேட்ட அவர் மனைவி, "சட்டையை மாத்துங்க முதல்ல," என்றாள். "வெள்ளையும் சள்ளையுமா போய் நின்னா எனக்கே பகீர்ங்குது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாகியும் நீங்க கதவைத் தட்டினா, யாருக்கு என்னாச்சோன்னுதான் திறக்கிறேன்."

தன் தம்பியின் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கிளிப்பச்சையில் பெரிய பெரிய சிவப்புப் பூ. மச்சான்காரன் அவரைவிட ஒரு சுற்றுச் சிறியவன், ஆகையால் பொத்தான்கள் ஒவ்வொன்றும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன.

தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கும் நல்ல கனத்த உடம்பு. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். சாமானை எடுக்க நீளமாக ஒரு கொக்கி வைத்திருந்தார். டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாறுவேஷத்துல வந்திருக்காரு!" என்று கடைக்காரர் அலறினார். "அப்படின்னா இன்னைக்கு யாரோ நிச்சயம்!"

வாங்க வந்தவர்கள் சில்லறைகூட வாங்காமல் கலைந்தார்கள். கடைக்காரரும் ஸ்டூலை விட்டு எழுந்து, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, தெருவின் மறுகோடிக்கு விடுவிடுவென்று நடையைக் கட்டினார். டிரைவரும் அந்தப் பக்கம்தான் போகவேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்த கடைக்காரர் அடுத்த தெருவுக்கும் போய்விட்டார்.

டிரைவருக்கு அழுகை வந்தது. தன்னைக் கண்டு இத்தனை பேர் ஓடுகிறார்களே என்ற வருத்தம் ஒரு பக்கம். இப்படி ஆளாளுக்கு ஓடி, ஓடுகிறவர்களில் யாராவது ஒருவர் நிஜமாகவே விழுந்துவைத்தால் பழி தன் தலையில்தான் என்ற திகில் மறுபக்கம். சிரித்துப் பேசிப் பழகிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தார். நினைப்பு நல்ல நினைப்புதான். ஆள்தான் சரியில்லை.

தெரு நடுவில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர். அதற்குப் பிறகு நாற்காலிதான் இரண்டு தடவை மாறியிருக்கிறது. டிரைவர் அவர் வீட்டு கேட்டில் நின்று, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வணக்கம் சார். உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

ஹெட்மாஸ்டர் கையிலிருந்த பேப்பர் நழுவியது. "ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார், சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கிற ஆளாய்யா நீ?"

டிரைவருக்கு வியர்த்துவிட்டது. பேச்சை மாற்ற வேண்டும். அவசரத்தில் வாயில் வந்தது இதுதான்: "நல்ல உயரம் சார் நீங்க."

ஹெட்மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா! ஓடி வாம்மா! இவன் அளவெடுக்கிறான்!"

உள்ளேயிருந்து மகள் கரண்டியோடு வருவதற்குள் ஹெட்மாஸ்டரே நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்துவிட்டார். "பாருய்யா! கை வீசுது பாரு! கால் வருது பாரு! மூச்சு... மூச்சு கொஞ்சம் வாங்குது, அது வயசு!" என்று சொல்லிக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் நடந்து காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் டிரைவர் தலை தெரிந்ததுமே, கேட்காமலே எழுந்து நடந்து காட்டினார்.

"தனியா போறதாலதான் வம்பு," என்றாள் மனைவி. "கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேர் பேசிட்டே நடந்தா எவனுக்கும் சந்தேகம் வராது. டாக்டரும் பேசிக்கிட்டுத்தானே நடக்கச் சொன்னாரு?"

யோசனை நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டிரைவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் ஒல்லி. அவன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரே கண்ணோடுதான் பார்ப்பான்.

"இந்த வாசல் குறுகல்ணே. இங்க சிரமம்," என்றான் முதல் வீட்டைப் பார்த்து.

"வாயை மூடுடா."

"அந்த மாடிக்கு வெளிப்படி இருக்கு பாருங்க. நல்ல மனுஷங்க, தூக்குறவனை நினைச்சுக் கட்டியிருக்காங்க. மளிகைக் கடைக்காரருக்குத்தான் நாலு பேர் பத்தாது."

"டேய், கெஞ்சிக் கேக்கிறேன்டா."

"நீங்கதானேண்ணே பேசிக்கிட்டே வரச் சொன்னீங்க?"

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "இப்ப ரெண்டு பேரா வந்துட்டாங்கடி! தூக்குற ஆளையும் கூட்டிட்டே வந்துட்டான்!"

அன்று மத்தியானம் மரத்தெருவிலிருந்து டிரைவரின் ஆபீசுக்குப் புகார் போனது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"என்னய்யா, உயிரோட இருக்கிறவங்ககிட்ட போய் ஆள் பிடிக்கிறியாமே?"

"சார், நான் எடை குறைக்க நடக்கிறேன் சார்."

"யாரோட எடையை? இன்னொரு புகார் வந்துச்சுன்னா, வண்டிச் சாவியை வச்சிட்டு நடையைக் கட்டு."

நடையைக் கட்டத்தான் அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார் என்று மேனேஜருக்கு யார் சொல்வது? டிரைவர் நேராக டாக்டரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், வேற தெருவுல நடந்துக்கிறேன் சார்."

"கூடாது," என்றார் டாக்டர் பட்டென்று. "மரத்தெருதான். இப்ப போய் மாத்தினா பலன் எல்லாம் போயிடும்."

"வேலையே போயிடும் போல இருக்கு சார்."

"பெல்ட் லூசாயிருக்கே?"

டிரைவர் குனிந்து பார்த்தார். ஆமாம். எப்போது ஆனது என்று தெரியாமலே பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. அதைப் பார்த்து அவருக்கு வந்தது சந்தோஷம் இல்லை, புதுப் பயம். இதுவரை இழக்க எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. நடந்தால் வேலை போகும். நிறுத்தினால், போனதெல்லாம் துணைக்கு ஆளோடு திரும்பி வரும். அப்புறம் மாடிப்படி, அந்தத் திருப்பம், ஒல்லியின் லீவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குக் கண்ணாடிப் பெட்டிதான் தெரிந்தது.

ஆகவே வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தார். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. நாலைந்து சுற்று போனதும் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஏங்க, நிறுத்துங்க. கீழ் வீட்டுக்காரங்க நிலநடுக்கம்னு குழந்தையைத் தூக்கிட்டு வெளியில போய் நிக்கிறாங்க."

இரண்டு மூன்று நாள் அவர் எங்குமே நடக்கவில்லை. பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடும்போதெல்லாம் அது இறுகிக்கொண்டே வருவதுபோல் இருந்தது. அதற்குமேல் தாங்காமல், ஒரு நாள் சாயங்காலம், எல்லாரும் அவரவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் சத்தம் காட்டாமல் மரத்தெருவுக்குள் நுழைந்தார்.

தெரு வெறிச்சென்று இருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன, ஆனால் யாரும் கத்தவில்லை. ஹெட்மாஸ்டரின் நாற்காலி காலியாக இருந்தது. மளிகைக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இந்த அமைதி டிரைவருக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மறுகோடி திருப்பத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, தெருவே திரண்டு வந்தது. முன்னால் ஹெட்மாஸ்டர், கையில் தடி. அவருக்குப் பக்கத்தில் மளிகைக் கடைக்காரர், கையில் அந்த நீளக் கொக்கி. பின்னால் மாடி ஜன்னல் அம்மாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. எல்லார் முகமும் சிவந்திருந்தது. எல்லாருக்கும் மூச்சிரைத்தது. கைகளை வீசி வீசி நேராக அவரை நோக்கி வந்தார்கள்.

"அதோ! அதோ நிக்கிறான்!" என்று ஹெட்மாஸ்டர் தடியை நீட்டினார்.

டிரைவர் ஓடினார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் ஓடியதே இல்லை. ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் தடியும் கொக்கியும் கண்ணுக்குத் தெரியும்போது டாக்டர் சொன்னது எம்மாத்திரம்? உடம்பு ஒரு பக்கம் ஓட, வயிறு ஒரு பக்கம் ஓடியது. மச்சான் சட்டையின் பொத்தான்கள் பட் பட்டென்று தெறித்தன. நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்துப்போனது. சரி, முடிந்தது கதை, இங்கேயே விழப்போகிறோம் என்று தோன்றியது. அந்த நேரத்திலும், 'நல்லவேளை, சமதளம், மாடிப்படி இல்லை' என்று ஓர் ஓரத்தில் நிம்மதி வந்தது. மனைவியை நினைத்ததும் அந்த நிம்மதியும் போய்விட்டது. கதவை யார் தட்டி அவளிடம் சொல்வார்கள்?

தெருமுனை திரும்பியதும் கண்ணில் பட்ட முதல் கதவு டாக்டரின் க்ளினிக். உள்ளே பாய்ந்து, நர்ஸைத் தள்ளாத குறையாகத் தாண்டி, எடை மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய திரைக்குப் பின்னால் போய் ஒடுங்கி நின்றார். அவர் ஒடுங்குவதற்கு அந்தத் திரை போதவில்லை.

"என்னண்ணே ஆச்சு? யார் துரத்துறாங்க?" என்று நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தெருவே வருதும்மா. என்னைக் காட்டிக் கொடுத்துடாதே." நர்ஸ் பக்கத்துத் திரையையும் இழுத்து அவரை முழுசாக மறைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள். டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வாங்க சார், வாங்கம்மா," என்றாள் நர்ஸ், தினமும் பார்க்கிறவர்களை வரவேற்பது போல. "வரிசையா நில்லுங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. தடியைக் கீழ வைங்க சார், அதையும் சேர்த்து எடை காட்டும்."

மெஷின் கிரீச்சிட்டது.

"சார், போன வாட்டியைவிடக் குறைஞ்சிருக்கு!"

"குறையாம என்ன பண்ணும்?" என்றது ஹெட்மாஸ்டர் குரல். "உயிர்ப் பயம்மா! அவன் பார்க்கிறப்போ நாற்காலியில சாய்ஞ்சு கிடக்க முடியுமா? கிடந்தா குறிச்சு வச்சுக்குவான்."

"எனக்குக் கொக்கி இப்ப நாயை விரட்டத்தான்," என்றார் கடைக்காரர். "சாமான் எடுக்க நானே எழுந்திரிச்சுடுறேன். அந்த ஒல்லிப்பய நாலு பேர் பத்தாதுன்னுட்டான், மானம் போச்சு."

"ரெண்டு மூணு நாளா ஆளையே காணோமா, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை," என்றாள் ஜன்னல் அம்மாள். "எந்த வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கானோன்னு பயந்து, காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடைன்னு நடந்துக்கிட்டே இருக்கோம். இன்னைக்குத்தான் ஆளைப் பார்த்தோம். பார்த்ததும் ஓடிட்டான். அது எதுக்கு அறிகுறியோ, தெரியலையே!"

எடை பார்த்து முடித்து, ஒருவருக்கொருவர் வயிற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டு, அவர்கள் கலைந்துபோனார்கள். நர்ஸ் திரையை விலக்கினாள். டிரைவர் பொத்தானில்லாத சட்டையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க நின்றார்.

"டாக்டர்கிட்ட சொல்லும்மா. எனக்கு இந்த நடை வேண்டாம். வேற ஏதாவது மருந்து எழுதித் தரட்டும். அந்தத் தெருப் பக்கம் இனி தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

நர்ஸ் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு வேற மருந்து எழுதிடலாம்ண்ணே, ஆனா வருஷக்கணக்கா தொண்டை கிழியச் சொல்லியும் ஒருத்தரும் எழுந்திரிக்காத அந்தத் தெருவுக்கு, டாக்டர் உங்களைத்தானே மருந்தா எழுதியிருக்காரு!"